வெளிச்சத்துக்கு நின்றவர்கள்

ஆத்திமடையில் ஒரு சாயங்காலம், ஆறு மணி பத்து நிமிஷத்து வெயில், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், வாய்க்கால் கரை மருத மரத்தடியிலேயே நின்றுவிட்டது. ஊரில் மற்ற இடங்களில் ஏழு மணியாகி, தெருவிளக்கு எரிந்து, கோழிகள் கூடைக்குள் போய், டிவியில் சீரியல் அழ ஆரம்பித்துவிட்டது. மருத மரத்தடியில் மட்டும் ஆறு பத்து. மஞ்சளும் இல்லாத சிவப்பும் இல்லாத, புது நெய் போல ஒரு வெளிச்சம், மரத்தின் ஒவ்வொரு இலையையும் தனித்தனியாகத் துடைத்து வைத்தது போலக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. இதைப் பார்த்து ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. நின்றது நின்றுவிட்டது, இனி அதை யார் யார் எப்படி வைத்துக்கொள்வது, முதல் மரியாதை எந்தத் தெருவுக்கு என்பதுதான் பேச்சாக இருந்தது. மேலத்தெரு நாட்டாமை ஆவுடையப்பனுக்கும் முதலில் அந்தக் கவலைதான். மகளைப் பற்றிய கவலை பிறகுதான் வந்தது, அதுவும் சினிமாக் கொட்டகையில் வைத்து வந்தது.

எல்லாம் சினிமாக்காரர்களால் வந்த வினை. நாற்பது நாள் ஊரில் தங்கி ஒரு படம் பிடித்தார்கள். மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவில் வாய்க்கால், வாய்க்காலுக்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு என்று கடவுளும் மனுசனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப்போட்ட ஊர் அது. டைரக்டர் என்று வந்த ஒல்லிப்பையன் மருத மரத்தடியில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, கதைக்காகவே கட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றான். என்ன கதை என்று ஆவுடையப்பன் கேட்டார். "குடும்பக் கதைங்கய்யா. ஒரு அப்பா, ஒரு பொண்ணு," என்றான். பொய் இல்லை, அந்த அளவுக்கு உண்மைதான்.

ஆவுடையப்பன் மனசு குளிர்ந்துபோய்த் தன் வீட்டு முற்றத்தைக் கொடுத்தார், வண்டி மாடு ரெண்டைக் கொடுத்தார், தோளில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டையும் அப்பா வேஷக்காரருக்கு எடுத்துக் கொடுத்தார். அந்த வேஷக்காரர் மூன்று நாள் ஆவுடையப்பன் பின்னாலேயே திரிந்து, அவர் எப்படி நடக்கிறார், எப்படித் துண்டை உதறிப் போடுகிறார், எந்தத் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னாலும் எப்படி ரெண்டு தரம் தொண்டையைச் செருமுகிறார் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிப் படித்துக்கொண்டார். ஆவுடையப்பனுக்கு இதில் பெருமை பிடிபடவில்லை. நடக்கும்போதே கொஞ்சம் நிதானமாக, படிக்க வசதியாக, நடந்து காட்டினார்.

கேமராக்காரர்தான் விசித்திரமான பிறவி. பகல் முழுக்க வேப்ப மரத்தடியில் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்குவார். ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு பத்துக்கு வரப்போகிற வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் ஆட்களை விரட்டுவார். அந்த வெளிச்சம் வந்து பத்து நிமிஷம் இருக்கும், அதற்குள் எடுக்கிறதை எடுத்துவிட வேண்டும். ஒரு படத்தை நாளுக்குப் பத்து நிமிஷமாகப் பிடிக்கிறார்களே, இது உருப்பட்ட மாதிரித்தான் என்று டீக்கடைத் தவசி உட்பட ஊரே சிரித்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க மரத்தடியில் ரெண்டு ஆள் நிற்க வேண்டும். நாயகனும் நாயகியும் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள், வேனுக்குள் ஏசியில் இருப்பார்கள். அவர்கள் உயரத்துக்கு, அவர்கள் நிறத்துக்கு வேறு ரெண்டு பேரை நிறுத்துவார்கள். எல்லாம் சரியானதும் "விலகலாம்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். நின்றவர்கள் விலக, நடிக்கிறவர்கள் வந்து அதே இடத்தில் நிற்பார்கள். கால் வைக்க வேண்டிய இடத்தில் தரையில் ரெண்டு ஆணிகூட அடித்திருந்தார்கள். இப்படி நிறுத்த ஊரெல்லாம் அளந்து பார்த்ததில், நாயகியின் உயரத்துக்கு இம்மி பிசகாமல் இருந்தது ஆவுடையப்பன் மகள் உலகம்மை. நாயகனின் உயரத்துக்கும் கறுப்புக்கும் சரியாக இருந்தது கீழத்தெரு மாசானத்தின் மகன், லோடு ஆட்டோ ஓட்டுகிற முத்துமாலை. மேலத்தெருவிலும் உயரமான பையன்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் தொப்பை விழுந்திருந்தது.

ஆவுடையப்பன் டைரக்டரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார்.

"படத்துல விழுமா?"

"விழாதுங்கய்யா. கேமரா ஓடவே ஓடாது."

"பேரு போடுவியளா?"

"போடமாட்டோம்."

"தொட்டுக்கிடணுமோ?"

டைரக்டர் கேமராக்காரரைப் பார்த்தான். கேமராக்காரர் வானத்தைப் பார்த்தார். "கையை மட்டும் பிடிச்சுக்கணும்ங்கய்யா. அந்தக் கை மேல வெளிச்சம் விழுறதுதான் படத்துலயே முக்கியமான இடம்."

ஆவுடையப்பன் ரெண்டு தரம் செருமினார். தெருவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. "காமிரா ஓடலன்னா காரியம் நடக்கலன்னுதான அர்த்தம். நிக்கட்டும்," என்றார். தீர்ப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது. வெளியூரில் யாராவது கேட்டால், அது பெண் நிற்கிறதாகாது, வெளிச்சத்துக்கு நிற்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். கீழத்தெருப் பையன் மேலத்தெருப் பெண் கையைப் பிடித்தான் என்று ஒரு காலத்தில் வைக்கோல்போர் எரிந்த அதே ஊர், நாற்பது நாள் சாயங்காலமும் முத்துமாலை உலகம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே முகம் பார்த்து நின்றதை, கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. தினம் ஒரு மணி நேரம் அப்படி நிறுத்தினால் ரெண்டு ஆட்டுக்கல்கூட தங்களுக்குள் ஏதாவது பேசிக்கொள்ளும் என்று ஒருவருக்குமே தோன்றவில்லை. அவ்வளவு நம்பிக்கை, கேமராவின் மேல்.

கடைசி நாளில் நடிகர்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். கேமராக்காரர் மட்டும், தன் ஆசைக்கு ஒரு தரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ரெண்டு பேரையும் நிற்கச் சொன்னார். நாற்பது நாளும் செய்தது போல அன்றைக்கும் சூரியனைப் பார்த்து, "போயிடாத கண்ணு, கொஞ்சம் நில்லு," என்று கெஞ்சினார். முப்பத்தொன்பது நாள் கேட்காத சூரியன், நாற்பதாம் நாள், போனால் போகிறது என்று கேட்டுக்கொண்டது. அதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்தான். கேமராக்காரர் அவசரமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "விலகலாம்" என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

ஏழு மணிக்கு ஆவுடையப்பன் மகளைத் தேடிக்கொண்டு வந்தார். ஊர் பூராவும் கரையில் நின்றது. அந்த வெளிச்சத்தில் நின்றதால் ஊர் பூராவும் அழகாக இருந்தது. வெற்றிலைக் கறைப் பல்லோடு இளிக்கிற தவசி ராஜாவீட்டுப் பிள்ளை போல இருந்தான். ஆவுடையப்பன் தன் மனைவி சங்கரவடிவைப் பார்த்து, யாரோ என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். பிறகுதான் மரத்தடியில் மகளைப் பார்த்தார்.

"என்ன ஏட்டி, அவாதான் போயிட்டாவளே. இன்னும் என்ன நிக்கே?"

"விலகலாம்னு யாரும் சொல்லலியேப்பா," என்றாள் உலகம்மை.

அது நியாயம்தானே. ஆவுடையப்பன் செருமிக்கொண்டு, "விலகலாம்," என்றார். இருவரும் கையை விட்டார்கள். கை விட்ட மறுவினாடி வெளிச்சம் பொசுக்கென்று போய், தவசி பழைய தவசியானான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊர் கரையில் வந்து காத்துக் கிடந்தது. ஆறு பத்து வந்தது, பத்து நிமிஷத்தில் போனது. மூன்றாம் நாள் சங்கரவடிவுதான் சொன்னாள், "அந்தப் பிள்ளையள நிக்கச் சொல்லிப் பாருங்களேன்" என்று. நிற்கச் சொன்னார்கள். ஆணியில் கால் வைத்து, கையைப் பிடித்ததும், வெளிச்சம் வீட்டுக்கு வந்த மருமகன் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆக, விஷயம் விளங்கிவிட்டது.

அதன் பிறகு ஆத்திமடை அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு செய்யாதது இல்லை. கல்யாணத்துக்கு இருக்கிற பெண்களையெல்லாம் அங்கே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், ஏழு வருஷமாகத் தட்டிப்போன ஜாதகங்கள் ஏழு நாளில் பொருந்தின. கண்ணில் புரை விழுந்தவர்கள் பேப்பர் படித்தார்கள். அங்கே காய்ந்த மிளகாய் வற்றலுக்குச் சந்தையில் தனி மரியாதை. வரப்புத் தகராறு பேச வந்தவர்கள், எதிராளியின் முகம் இவ்வளவு லட்சணமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்காகச் சண்டை போட்டோம் என்று மறந்து, ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மன் சப்பரம் வாய்க்கால் பக்கமே வராது என்பது ஆதிகாலத்து ஏற்பாடு. அந்த வருஷம் அம்மனுக்கு மட்டும் அழகு வேண்டாமா என்று யாரோ கேட்க, மரம் வரைக்கும் வரலாம், மரத்தைத் தாண்டக் கூடாது என்று ஏற்பாட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்கள். மேற்கத்தி வெயில் என்பதால் மேலத்தெருக்காரர்களின் நிழல் போய்க் கீழத்தெருக்காரர்களின் மேல் விழுந்தது. இது தீட்டா என்று ஆவுடையப்பனின் பெரியப்பா மகன் குற்றாலம் ஒருநாள் கேட்டார். நிழல் குளிக்க முடியாது, அதனால் தீட்டு இல்லை என்று முடிவாகியது.

வெளிச்சத்துக்கு நிற்பது கோயில் முறை மாதிரி ஆகிவிட்டது. நிற்கும்போது யாரும் கிட்டே போய்த் தொடக் கூடாது, பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும், தொட்டால் வெளிச்சம் கலைந்துவிடும் என்று விதி வந்தது. "விலகலாம்" என்று யார் சொல்வது என்பதில் ஒரு தகராறு. கீழத்தெருக் குரல் சொன்னால் மேலத்தெருப் பெண் ஏன் கேட்க வேண்டும் என்றார்கள் இவர்கள். மேலத்தெருவில் கண்டவனும் சொன்னால் எங்கள் பையன் ஏன் கேட்க வேண்டும் என்றார்கள் அவர்கள். கடைசியில் நாட்டாமை குரல் ஒன்றுதான் செல்லும் என்று இரு தெருவும் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தன. தினமும் எட்டு மணிக்கு ஆவுடையப்பன் ரெண்டு தரம் செருமுவார், "விலகலாம்" என்பார். முத்துமாலை கிழக்கே போவான், உலகம்மை மேற்கே போவாள், வெளிச்சம் போய்விடும். கையை விடுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனதை அவர் பார்க்கத்தான் செய்தார். கேமரா ஓடவில்லை என்பதால் அதைப் பற்றி நினைக்கவில்லை.

தையில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தான். உலகம்மை முதல் நாளே அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: "எனக்கு வேண்டாம்மா." காரணம் கேட்டதற்கு உளுந்து களைந்தாள். சங்கரவடிவு அதை அப்படியே ஆவுடையப்பனிடம் கொண்டுபோனாள். "பொட்டப்பிள்ளையள் அப்படித்தான் சொல்லும்," என்றார் அவர். அவரை அரித்தது வேறு. இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் வெளிச்சத்துக்கு யார் நிற்பது? ஊர் அவரை விடுமா?

ஆள் மாற்றிப் பார்த்தார்கள். குற்றாலத்தின் மகளை உலகம்மையின் ஆணியில் நிறுத்தினார்கள், வெளிச்சம் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. வந்ததுதான் வந்தோம் என்று மாப்பிள்ளையே முத்துமாலையின் ஆணியில் ஏறி நின்று உலகம்மையின் கையைப் பிடித்தான். வெளிச்சம் வந்தது. ஆனால் அது மத்தியானம் ரெண்டு மணிக்கு ரேஷன் கடை வரிசையில் அடிக்கிற வெளிச்சம். அதில் மாப்பிள்ளையின் அம்மா தன் மகனை முதல் தடவையாக உள்ளபடி பார்த்துத் திடுக்கிட்டாள்.

"பழைய ஆளையே நிறுத்திருங்க மாமா," என்றான் மாப்பிள்ளை. நல்ல பையன்தான்.

முத்துமாலை வந்து நின்றான். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, ஆனால் அன்றைக்கு வெளிச்சம் வந்த வேகத்தில் கொக்குகள் விடிந்துவிட்டது என்று கிளம்பிப் போயின. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நிச்சயமே செய்துவிட்டுப் போனார்கள். அந்தப் போட்டோவைத்தான் கல்யாண பேனரில் போட்டது. முத்துமாலையை வெட்டி எடுத்தும், கையை வெட்டினால் பெண்ணின் கையும் போய்விடும் என்பதால், ஓரத்தில் நாலு விரல் மட்டும் அவள் கையைப் பிடித்தபடி நின்றது. "அது யாரு விரல்?" என்று சம்பந்தி கேட்டார். "வெளிச்சத்துக்கு நிக்கிற பையன் விரலு," என்றார் ஆவுடையப்பன். "அப்ப சரி," என்றார் சம்பந்தி.

ஊருக்குச் சமாதானமாக ஓர் ஏற்பாடும் ஆயிற்று. கல்யாணமானாலும் வாரம் ஒருநாள் மாப்பிள்ளையே உலகம்மையை அழைத்துவந்து நிறுத்திவிட்டுப் போவது என்று.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது படம் வந்தது. டவுன் கொட்டகைக்கு மேலத்தெரு ஒரு வேன், கீழத்தெரு ஒரு வேன். மேலத்தெரு மாடியில், கீழத்தெரு கீழே. உலகம்மை தலைவலி என்று வரவில்லை. படத்தைப் பார்த்து ஆத்திமடை சொக்கிப்போனது. தங்கள் வாய்க்காலா இது, தங்கள் வரப்பா இது, மழைக்கு முந்தி மலை இப்படியா நீலம் பாய்ந்து கிடக்கும், சாணி மிதித்த இந்தத் தெருவிலா இவ்வளவு அழகு இருந்தது என்று இரு தெருவும் பெருமூச்சு விட்டன. கதை என்று பார்த்தால், மேலத்தெருப் பெண் ஒருத்தி, கீழத்தெருப் பையன் ஒருத்தன். ரெண்டு பேருக்கும் ஆசை. மாடியில் எல்லோரும் அந்தப் பிள்ளைகள் சேர வேண்டும் என்று வாயைவிட்டே வேண்டிக்கொண்டார்கள். குற்றாலம் மூக்கைச் சிந்தினார்.

இடைவேளைக்குப் பிறகு அந்த இடம் வந்தது. மருத மரம், ஆறு பத்து, கையைப் பிடித்து நிற்கிற ரெண்டு பேர். முகத்தில் பாதி நிழல், ஆனால் ஊருக்குத் தெரியாதா அந்தப் பின்னலும் அந்தத் தோளும். நாயகியும் இல்லை, நாயகனும் இல்லை. கேமராக்காரர் பொறுக்க முடியாமல் ஏதோ ஒருநாள் பொத்தானை அமுக்கியிருக்கிறார். கீழே கீழத்தெரு சத்தமில்லாமல் எழுந்து நின்றது. கேமரா ஓடியிருந்தது. ஓடியிருந்தால், காரியம் நடந்திருக்கிறது.

ஆவுடையப்பன் அதைக்கூட அவ்வளவாக உணரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மகள் முகத்தை. இருபத்து மூன்று வருஷம் தன் வீட்டில் சோறு போட்டு வளர்த்த பெண்ணுக்கு இப்படி ஒரு முகம் இருப்பது அவருக்குத் தெரியாது. பத்தடி தள்ளி தினமும் நின்றவர்தான், ஆனால் அங்கே அவர் வேலை தொண்டையைச் செருமுவது.

பிறகு படத்தில் அப்பா வந்தார். அவருடைய நடை. அவருடைய துண்டு. அந்த அப்பா ரெண்டு தரம் செருமினார், பிறகு அரிவாளை எடுத்தார். பெண் மருத மரத்தடியில் விழுந்தாள். அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, ஆவுடையப்பன் நடப்பது போலவே, நிதானமாக, படிக்க வசதியாக, வீட்டுக்கு நடந்து போனார். படம் பிடித்து முடித்துத் திருப்பிக் கொடுத்த அந்தத் துண்டில் ஒரு கறை இருக்கிறது, எத்தனை வெளுத்தும் போகவில்லை என்று சங்கரவடிவு மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குங்குமமாக இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். மாடி முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆவுடையப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். அவருக்குப் பயமாக இருந்தது. அது நடிப்பு என்று தெரியும். அந்த நடை தன் நடை என்றும் தெரியும்.

மறுநாள் காலையில் குற்றாலம் நாலு பேரோடு வந்தார். நேற்று மூக்கைச் சிந்திய அதே குற்றாலம்.

"காமிரா ஓடியிருக்குவே."

"பாத்தேன்."

"இன்னைக்கு சாயந்தரம் கடைசி. நீரு விலகச் சொல்லும். பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும். அந்தப் பயல நாங்க பாத்துக்கிடுதோம்." கொஞ்சம் நிறுத்தி, "படத்துல உம்ம மாதிரி ஒருத்தன் வந்தான் பாத்தீரா. ஆம்பள," என்றார்.

அன்று முழுக்க ஆவுடையப்பன் சாப்பிடவில்லை.

சாயங்காலம் இரு தெருவும் கரையில் கூடின. செய்தி எட்டி மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். உலகம்மை மேற்கிலிருந்து வந்தாள், முத்துமாலை கிழக்கிலிருந்து வந்தான். இருவருக்கும் தெரியும், கையை விட்டால் அதோடு சரி. குற்றாலத்தின் ஆட்கள் மரத்துக்குக் கிழக்கே, முத்துமாலை திரும்புகிற வழியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் அந்த வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தார்கள். மாசானம் மகனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ஆணியில் கால் வைத்தார்கள், கையைப் பிடித்தார்கள், ஆறு பத்து வந்து நின்றது.

எட்டு மணியானது. ஆவுடையப்பன் முன்னால் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், கறை வெளியே தெரிந்தது. ஒரு தரம் செருமினார். ரெண்டாம் தரம் செருமினார். வாயைத் திறந்தார். உலகம்மை அவரைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் பார்த்த அதே முகம், இப்போது அவரைப் பார்த்து. திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

"சொல்லும்வே," என்றார் குற்றாலம்.

"தொண்ட கட்டிட்டு," என்றார் ஆவுடையப்பன்.

"இப்பப் பேசுதீரே."

"இது வருது. அது வரல."

"ஒத்த வார்த்தைவே அது."

"ஒத்த வார்த்தைன்னா வந்துருமா? வேணும்னா நீரு சொல்லிப் பாரும்."

குற்றாலம் சொல்ல முடியாது. நாட்டாமை குரல் ஒன்றுதான் செல்லும் என்று வாய்க்கால் தண்ணீரைத் தொட்டவர்களில் அவர்தான் முதல் ஆள். பத்தடிக்குள் போகவும் முடியாது, வெளிச்சம் கலைந்தால் ஊர் அவரைக் கலைத்துவிடும், அவர் மகள் போட்டோ வேறு இன்னும் எடுக்கவில்லை. எட்டரை ஆனது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டார் நெளிந்தார்கள். மாப்பிள்ளை மரத்தடியில் நின்றவர்களைப் பார்த்தான், பேனரில் வெட்டிவிட்ட மிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தான்.

"அந்த நாலு விரலு சரியாத்தான் இருக்கு மாமா," என்று சொல்லி, தன்னை மட்டும் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தார்.

"பிள்ள எங்க?" என்றாள் சங்கரவடிவு.

"நிக்கா."

"எம்புட்டு நேரத்துக்கு?"

"நான் சொல்லுற வரைக்கும்."

"எப்பச் சொல்லுவிய?"

"தொண்ட சரியாகட்டும்ளா."

சங்கரவடிவு அடுப்படிக்குப் போய், மிளகுக் கஷாயம் என்று ஒரு டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

உட்காரக் கூடாது என்று விதியில் இல்லை என்பதை மறுநாள் மாசானம் கண்டுபிடித்தார், இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒரு கையைப் பிடித்திருந்தால் போதும், இன்னொரு கையால் சாப்பிடலாம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ஆணி ரெண்டையும் உள்ளே வைத்துக் கூரை போடுவதற்கு விதியில் தடை இல்லை என்று கீழத்தெரு வாதாடியது. மேலத்தெருவுக்கும் எதிர்த்துப் பேச எண்ணம்தான், ஆனால் இப்போது வெளிச்சம் பகல் ராத்திரி எந்நேரமும் இருந்தது, வற்றல் ரெண்டு மடங்கு காய்ந்தது. பிறகு பிடித்த கையை விட்டாலும், மனசால் விலகாதவரை வெளிச்சம் போவதில்லை என்பதும் தெரிந்துபோயிற்று. முத்துமாலை லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். தொட்டால் வெளிச்சம் கலைந்துவிடும் என்பதால் குற்றாலத்தின் ஆட்கள் பத்தடி தள்ளியே நின்றார்கள். வண்டிக்குள் ஆறு பத்து அடித்துக்கொண்டு போவதைப் பார்த்து வெளியூர் டிராபிக் போலீஸ்காரர் வழிவிட்டார். குற்றாலம் மகளைக் கூட்டிவந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். அந்த வெளிச்சத்தில் அதுவும் நன்றாகவே இருந்தது.

"இன்னும் அனுமதி கொடுக்கலவே நான்," என்று ஆவுடையப்பன் கேட்கிறவர்களிடம் சொல்வார். "தொண்ட சரியாகட்டும், இருக்கு அவாளுக்கு." மற்றபடி அவர் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் கண்டக்டரிடம் சண்டை போட்டார், மார்கழியில் பஜனை பாடினார், மரத்தடிக் கூரைக்குள் பிறந்த பேத்தியை வாய்க்காலின் இந்தப் பக்கம் நின்றே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஒற்றை வார்த்தை மட்டும் வரவில்லை. வருஷம் நாலு ஆனது. தினமும் ஆறு பத்துக்கு வாசல்படியில், மரம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவார், சங்கரவடிவு கஷாயத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள், அவர் கடைசிச் சொட்டு வரை குடிப்பார்.

ஒருநாள் பேத்தி அந்த வெளிச்சத்துக்குள் ஓடி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது.

"ஏளா, மிளகக் கொஞ்சம் கொறச்சுப் போடு. பட்டுன்னு குணமாயிரப் போவுது."

சங்கரவடிவு காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா கருப்பட்டித் தண்ணியத்தான் குடிக்கிய," என்றாள். "மிளகு என்னைக்குப் போட்டேன் நான்."